பனி ரோட்டில் இரண்டு லாரிகள்

அத்தியாயம் 11

மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தேவகிருபை லாரி ஓட்ட உட்கார்ந்தாள்.

மல்லித்தூள் டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்தாள். திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மலைப்பாதை, மரக்கட்டை லோடு ஏற்றிய பதினாலு சக்கர லாரி. சாவியைத் திருகுவது போல விரலால் ஒரு வட்டம் போட்டதும் வண்டி உறுமியது.

எல்லாம் மகள் ஜாக்குலின் சென்னையிலிருந்து கொண்டுவந்த வேலை. இந்த மாதிரிப் பெரிய கேம்களை ஓட்ட விலை கூடின மெஷின் வேண்டுமாம். போடியில் அதை யார் வாங்குவார்கள்? அதனால் மெஷினை எங்கோ வைத்துக்கொண்டு, கேமை மட்டும் எல்லார் செல்போனுக்கும் அனுப்புகிறது ஜாக்குலினின் கம்பெனி. மலையடிவார ஊர்களில் அது எடுபடுமா என்று பார்க்கத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள்.

"மெஷினு மும்பைல இருக்கும்மா. நீ இங்க அமுக்குறது அங்க போவும். அங்க நடக்குறது படமா இங்க வரும். அதான் உன் பழைய போன்லயும் ஓடுது."

"அப்ப என் விரலு மும்பை வரைக்கும் போய்ட்டா வருது?"

"ஒரு பயலுக்கும் தெரியாம போய்ட்டு வந்துருது."

தேவகிருபைக்கு அது பிடித்திருந்தது. மதுரையைத் தாண்டாத விரல்.

பெண்களுக்கு என்று கம்பெனி முதலில் அனுப்பியது சமையல் விளையாட்டு. "காலைல இருந்து ஆக்கி இறக்குனது பத்தலையா? போன்லயும் ஆக்கணுமா?" என்று அதை ஒதுக்கிவிட்டு லாரியைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதுக்குள் போடிமெட்டு மலைப்பாதையில் எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறாள். பஸ்ஸில், ஜீப்பில், ஏலக்காய் மூட்டைக்கு மேலே. ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தது இப்போதுதான்.

"வயசு போன காலத்துல பொத்தான் அமுக்கி வெளாடுறா" என்று கணவர் சின்னத்துரை சிரித்தார். அவர் ஏலக்காய் வியாபாரி.

"நீங்க ஏல சென்டர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என்ன அமுக்குறீகளாம்?" என்று கேட்ட பிறகு அந்தப் பேச்சு வருவதில்லை.

முன்னால் ஒரு சிவப்பு லாரி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நின்று, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுத்தான் திரும்பியது.

அதை ஓட்டுவது யார் என்று தேவகிருபைக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் போன காலத்திலும் தெருமுனைக்குத் தெருமுனை நின்று, தங்கச்சி வருகிறாளா என்று திரும்பிப் பார்ப்பவள் ஒருத்திதான். பொன்மணி அக்கா.

அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருஷம். பொன்மணியின் கணவர் இறந்த வீட்டில், மூலையில் உட்கார்ந்து செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தான் மகன் வினோத்குமார். தேவகிருபை அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். "அப்பன் படுத்திருக்கான், உனக்கு வெளாட்டா?" விடிவதற்குள் அவன் போய்விட்டான். இன்றுவரை ஒரு போன் இல்லை. "எம் மகன வெரட்டுனவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினாள் பொன்மணி. அன்றிலிருந்து மெட்டுக்கு அந்தப் பக்கம், சின்ன ஏலத்தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறாள்.

மலைக்கு வேலையாகப் போன ஜாக்குலின், பெரியம்மா போனிலும் அந்த லாரியை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். எதிரில் யார் என்று இரண்டு பேருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரும் கேட்கவில்லை. தினமும் மத்தியானம் அக்காவும் தங்கையும் அந்தப் பனி ரோட்டில் போனார்கள். பேசுவதற்கும் ஒரு பொத்தான் உண்டு. அதை யாரும் தொட்டதில்லை.

இன்றைக்கு மூன்றாவது வளைவிலேயே தேவகிருபையின் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. உறுமினால் இன்னும் புதைந்தது. சிவப்பு லாரி திரும்பி வந்தது. முன்னால் நின்று, சங்கிலியை மாட்டி, மெல்ல இழுக்க ஆரம்பித்தது.

பாதியில் நின்றது.

அதன் விளக்குகள் உறைந்தன. மேலே 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று எழுத்து வந்தது. அசையாத லாரியின் மேல் பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

மலையில் லைன் போவது வழக்கம்தான். கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். தேவகிருபை காத்திருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தால் மேற்கே மலை தெரியவில்லை. ஒரே கருப்பு.

உள்ளறையில் ஜாக்குலின் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் சென்னை மேலதிகாரி சுஜிதாவோடு கூட்டம். போடியில் இந்த வேலையைத் தொடர்வதா, மூட்டை கட்டுவதா என்று இன்றைக்கு முடிவாகும்.

"பெரியம்மா லைன்ல இல்லடி" என்றாள் தேவகிருபை, வாசலில் நின்று.

ஜாக்குலின் மெல்லத் திரும்பினாள். "எந்தப் பெரியம்மா?"

"ஆமா, ஊரு பூரா உனக்குப் பெரியம்மா. போனப் போட்டுப் பாரு."

ஜாக்குலின் சிரிக்கப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். மூன்று முறை போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது.

"மழைம்மா. டவர் போயிருக்கும்."

"இடுப்பு சரியில்லாதவ. ஒத்தையில கெடக்கா. வழுக்கிக் கிழுக்கி விழுந்திருந்தா யாரு பாப்பா?" தேவகிருபை ஏற்கெனவே கொடியிலிருந்து சேலையை உருவிக்கொண்டிருந்தாள். "ஜீப்பப் புடி."

"எனக்கு மீட்டிங்கும்மா…"

"நீ ஒஞ் சோலியப் பாரு. நான் போறேன்."

ஜாக்குலின் ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள். பிறகு அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

சாதிக் பாட்சாவின் ஜீப் மலையடிவாரத்து முந்தல் கிராமத்தைத் தாண்டி ஏற ஆரம்பித்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. முன்சீட்டில் உட்கார்ந்த தேவகிருபை ரோட்டைப் பார்க்கவில்லை. பாட்சாவின் கையையும் காலையுமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டாவது கியரப் போடுங்கண்ணே. மூணுல இழுக்காது."

சாதிக் பாட்சா திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். ஆனால் போட்டார். ஜீப் தெம்பாக ஏறியது.

"வண்டி எப்பத்தா படிச்ச?"

"மத்தியானத்துல."

பின்சீட்டில் ஜாக்குலின் செல்போனை ஜன்னலோரம் தூக்கித் தூக்கிப் பிடித்தாள். ஒரு கோடு வந்தது, போனது. சுஜிதாவுக்கு அனுப்பிய 'தாமதமாகும்' என்ற செய்தி போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. தேவகிருபை கண்ணாடியில் அதைக் கவனித்தாள்.

"அவுக என்ன சொல்றாக?"

"இங்க யாரும் முழுசா வெளாடுறதில்லயாம். பாதிலயே போயிடுறாங்களாம். அப்ப இந்த ஊருகளுக்கு இது தேவையில்லன்னு அர்த்தமாம்."

"யாரு பாதில போனா?"

மெட்டில் மூடுபனி. எதிரே வந்த வண்டிகளின் மஞ்சள் விளக்குகள் மட்டும் தெரிந்தன. தேவகிருபை பிடித்த கம்பியை விடவில்லை. இரண்டு வருஷமாக இந்தப் பாதைக்கு வரவில்லை. வந்தால் என்ன சொல்வது என்று பல ராத்திரி யோசித்து வைத்ததெல்லாம் இப்போது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

தோட்டத்து வீட்டில் கதவு சாத்தியிருந்தது. அடுப்பில் பாதி எரிந்த விறகு. ஆள் இல்லை. தேவகிருபை வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்று "அக்கா" என்று கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

பக்கத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ராக்கு எட்டிப் பார்த்தாள். தோட்டத்தில் காய் எடுக்கிறவள்.

"பொன்மணிக்காவா? பாறைக்கு மேல போயிருக்கு. இங்க கரண்டும் இல்ல, டவரும் இல்ல. பாறைல நின்னாத்தான் கேரளா டவரு எடுக்கும். இந்த மழைல எதுக்குக்கான்னு கேட்டேன். ரோட்டுல ஒரு ஆளப் பள்ளத்துல விட்டுட்டு வந்துட்டேன்டீன்னுச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

தேவகிருபைக்கு விளங்கியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏலச்செடிகளுக்கு நடுவே போன ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். இலைகளிலிருந்து தண்ணீர் தோளில் கொட்டியது. ஜாக்குலின் கையைப் பிடிக்க வந்தாள். தேவகிருபை அவளை முந்திக்கொண்டு போனாள்.

பாறை உச்சியில், சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கம்பை ஊன்றி நின்றிருந்தாள் பொன்மணி. ஒரு கையில் செல்போன், மழை படாமல் சாக்குக்குள்ளேயே. அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்து தொலையேன்… எங்க போனா இவ… இப்பத்தான இங்கன நின்னா…"

"இங்கதான் நிக்கிறேன்" என்றாள் தேவகிருபை.

பொன்மணி திரும்பினாள். நனைந்து, இளைத்து, நெற்றியில் நரை ஒட்டிக்கிடந்த முகம். தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். கோபமா, ஆச்சரியமா என்று தெரியவில்லை.

"எப்பிடி வந்த?"

"ஜீப்புல."

"நான் லாரியக் கேட்டேன். பள்ளத்துல இருந்து எப்பிடி வெளிய வந்த?"

"வரல. நீ காணாமப் போய்ட்ட. நானும் எந்திரிச்சு வந்துட்டேன்."

"சங்கிலிய மாட்டி இழுத்துக்கிட்டு இருக்கேன், நடுவுல எந்திரிச்சு வருவாளாம்." பொன்மணியின் குரல் உடைந்தது. கம்பு கை நழுவிச் சாய்ந்தது.

தேவகிருபை ஓடிப்போய் அக்காவைத் தாங்கிக்கொண்டாள். "இந்த இடுப்ப வச்சுக்கிட்டு ஒனக்குப் பாறை ஏறணுமா?"

"நீ பள்ளத்துல கெடந்தியேடி."

பிறகு தேவகிருபை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒன் வாசப்படிய நான் மிதிக்கல. பாறைக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

"வாய் மட்டும் கொறையல." பொன்மணி சாக்கை இழுத்துத் தங்கையின் தலையையும் சேர்த்து மூடினாள்.

ஜாக்குலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் ஒலித்தது. பாறையில் டவர் கிடைத்துவிட்டது. சுஜிதா.

"எங்க போயிட்டீங்க ஜாக்குலின்? எல்லாரும் காத்திருந்தோம். நான் முடிவை எழுதிடவா? உங்க பக்கம் ஆளுங்க பாதியிலேயே விட்டுட்டுப் போயிடறாங்க. பிடிக்கலைன்னுதானே அர்த்தம்?"

"அவங்க விட்டுட்டுப் போகல மேடம். லைன்தான் அவங்கள விட்டுட்டுப் போகுது." ஜாக்குலினுக்கு மூச்சு வாங்கியது. "போனவங்க எத்தனை தடவ திரும்பி வர்றாங்கன்னு பாருங்க. தினமும் மத்தியானம் ரெண்டு பேர் வர்றாங்களே, காலேஜ் பசங்களா இருக்கும்னு சொன்னீங்கள்ல? அவங்கள இப்பக் காட்டுறேன்."

போனைத் திருப்பிப் பிடித்தாள். ஒரே சாக்குக்குள் இரண்டு நனைந்த முகங்கள்.

சுஜிதா, "வணக்கம்மா" என்றாள். குரல் மாறியிருந்தது. "மழையில எதுக்கும்மா அங்க நிக்கறீங்க?"

"வீட்ல லைன் கெடைக்கல தாயி" என்றாள் பொன்மணி. "படம் மங்கலா வந்தாக்கூடப் பரவால்ல. நடுவுல அத்துப் போகாம வந்தாப் போதும். எங் கண்ணும் மங்கல்தான்."

சுஜிதா சிரித்துவிட்டாள். "படத்தோட தரத்தைக் குறைச்சா கம்மியான சிக்னல்லயும் ஓடும். ஆனா எங்க ஆளுங்க அதுக்கு ஒத்துக்கணும். நான் கேட்டுப் பாக்கறேன். ஜாக்குலின், போடியை இப்போதைக்கு நிறுத்தல. முழுசா எழுதி அனுப்புங்க. இன்னிக்கு வேண்டாம். முதல்ல அவங்களைக் கூட்டிட்டுக் கீழே இறங்குங்க."

ஆனால் யாரும் இறங்கவில்லை. டவர் இருக்கும்போதே லாரியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றாள் பொன்மணி.

"பெரியம்மா, ரெண்டு பேருமே வெளிய வந்துட்டா ஆட்டம் கலைஞ்சிரும். மொதல்ல இருந்துதான் ஓட்டணும்" என்றாள் ஜாக்குலின். "ரோட்டுல ஒரு ஆளாவது நின்னாத்தான், போனவங்க அதே எடத்துக்குத் திரும்பலாம்."

பொன்மணி ஆட்டத்தைத் திறந்தாள்.

அதே மூன்றாவது வளைவு. அதே பனி. தேவகிருபையின் லாரி பள்ளத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, ரோட்டோரமாக நேராக நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு முன்னால், விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு நீல லாரி நின்றது.

"இது யாரு?" என்றாள் தேவகிருபை.

"கொஞ்ச நாளா வருது. நீ மத்தியானம் போனப்புறம் வரும். பேரு கெடையாது, வெறும் நம்பரு. எனக்குப் பின்னாடியே வரும். சிக்குனா இழுத்து விடும். ஒரு வார்த்த பேசாது."

தேவகிருபை மகளைப் பார்த்தாள். "நாம கூப்புடாம வேற ஆளு நம்ம ரோட்டுக்கு வர முடியுமாடி?"

"முடியாதும்மா. யாராவது அழைப்பு அனுப்பணும்."

"யாரு அனுப்புனா?"

ஜாக்குலின் கீழே ஏலச்செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் இறங்கியது மழை இல்லை.

"கேக்காத கிருபை" என்றாள் பொன்மணி. "நானும் கேக்கல."

"ஏங்க்கா?"

"கேட்டு, அவன் இல்லைன்னு ஆயிப்போச்சுன்னா? இப்ப தெனமும் ஒரு பொழுது எனக்குப் பின்னாடி வர்றான். அது போதும்னு இருக்கேன்."

தேவகிருபை திரையைப் பார்த்தாள். நீல லாரியின் துடைப்பான்கள் இப்படியும் அப்படியும் ஆடின. கண்ணாடிக்குப் பின்னால் ஆள் தெரியவில்லை. அவள் அக்காவின் கையிலிருந்து போனை மெல்ல வாங்கினாள். பிடுங்கவில்லை. பொன்மணி தடுக்கவும் இல்லை. பேசுகிற பொத்தான் எது என்று ஜாக்குலின் என்றைக்கோ காட்டியிருந்தாள். கட்டை விரலை அதன் மேல் வைத்தாள்.

"வினோத்து… சித்திடா."

பனி விழுந்தது.

"சாப்ட்டியாப்பா?"

போனுக்குள் ஏதோ கரகரத்தது. யாரோ இந்தியில் கத்தும் தெரு. ஒரு ஸ்கூட்டர் ஹாரன். அதற்கு இந்தப் பக்கம், வாய்க்கு மிக அருகில், ஒரு மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுத்த மூச்சு. பொன்மணி தங்கையின் தோளை இறுகப் பற்றினாள்.

நீல லாரியின் விளக்குகள் உறைந்தன. 'இணைப்பு துண்டிக்கப்பட்டது.'

அவன் அணைத்தானா, லைன் அறுந்ததா? மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மறுபடியும் வெரட்டிட்டேனாக்கா?" என்றாள் தேவகிருபை.

"சும்மா இருடி. மத்தியானம் நான் காணாமப் போனேனே, நானா போனேன்?" பொன்மணி பாறையில் மெல்ல உட்கார்ந்து, தங்கைக்கும் இடம் விட்டாள். "ஜாக்குலினு, நாங்க இங்கனயே நின்னா, அவன் திரும்பி வந்தா இதே எடத்துக்குத்தான வருவான்?"

"ஆமா பெரியம்மா."

"அப்ப நிப்போம்."

மழை வெறித்து, போடிப் பக்கம் வெயில் ஒரு கீற்று விழுந்திருந்தது. தேவகிருபை முந்தானையால் திரையைத் துடைத்தாள். ஜாக்குலினின் போன் மறுபடி ஒலித்தது. சின்னத்துரை.

"ஏத்தா, வீடு பூட்டிக் கெடக்கு. ஒங்கம்மா எங்க? ஏலம் முடிஞ்சு வந்தா டீத்தண்ணிக்கு ஆளக் காணோம்."

ஜாக்குலின் போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

"நான் மெட்டுல அக்காகூட இருக்கேங்க" என்றாள் தேவகிருபை. "இப்ப வர முடியாது. ரோட்டுல லாரிய நிப்பாட்டி வச்சிருக்கேன். ஒரு ஆளு திரும்பி வரணும்."

மனைவிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சின்னத்துரை சத்தம் போடப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"யாரு… நம்ம பயலா?" என்றார் அவர்.

"தெரியலங்க."

"வெரசா வரணும்னு இல்ல. இருந்தே வாங்க." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வந்தான்னா, சித்தப்பாவும் கேட்டேன்னு சொல்லு."